மோர்பாத்தின் கணக்கேடு

இங்கிலாந்தின் தென்மேற்கில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் ஓரத்தில், மோர்பாத் என்னும் சிற்றூர் உள்ளது. பதினாறாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்தவை ஏறத்தாழ 33 குடும்பங்களே. ஆடு வளர்த்தும் நிலத்தை உழுதும் பிழைத்த எளிய மக்கள். ஆயினும் அவ்வூரின் வாழ்வை நாம் இன்று அறிய முடிகிறது. 1520 முதல் 1574-இல் இறக்கும் வரை அங்கே பங்குக் குருவாக இருந்த கிறிஸ்டபர் டிரிக்கே, கோவில் கணக்குகளைத் தம் கைப்பட எழுதி வைத்ததே அதற்குக் காரணம். வரலாற்றறிஞர் ஈமன் டஃபி 2001-இல் வெளியிட்ட நூலின் வாயிலாக அக்கணக்கேடு உலகறிந்ததாயிற்று.

அக்கணக்குகள் பூட்டி வைப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. கூடியிருந்த மக்கள் முன் உரக்க வாசிப்பதற்காக எழுதப்பட்டவை. கோவிலில் அன்னை மரியாவுக்கும், புனித ஜார்ஜியாருக்கும், புனித சிட்வெல்லுக்கும் விளக்குகள் எரிந்தன. அவற்றைக் காக்கத் தனித்தனி நிதிகள் இருந்தன. கோவிலுக்குச் சொந்தமான ஆடுகளை ஊரார் தம் மந்தைகளோடு மேய்த்தனர். கம்பளி விற்ற பணம் நிதியில் சேர்ந்தது. மணமாகாத இளைஞருக்கு ஒரு நிதி, கன்னிப் பெண்களுக்கு ஒரு நிதி. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் மாறினர். ஆண்டு முடிவில் ஊரார் முன் கணக்கு ஒப்புவித்தனர். தலைமைப் பொறுப்பு வீட்டு முறைப்படி சுற்றி வந்தது; பெண்களும் அதனை ஏற்றனர். சிக்கலான காரியங்களைத் தீர்க்க 'ஐவர்' என்ற குழு இருந்தது. 1530-களில் கோவில் பணியாளரின் ஊதியத்தைப் பற்றி எழுந்த பூசல் சில ஆண்டுகள் நீடித்தது. இறுதியில் அதுவும் ஊரின் உடன்பாட்டால்தான் தீர்ந்தது.

இத்தகைய ஊரின்மீதுதான் அரச ஆணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. 1538-இல் புனிதர் திருவுருவங்களின் முன் விளக்கேற்றுவது தடை செய்யப்பட்டது. ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் நிதிகள் மறைந்தன. கோவில் ஆடுகள் விற்கப்பட்டன. இறந்தோர் திருப்பலிக்குரிய கருப்பு உடைகளை வாங்க டிரிக்கே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்திருந்தார். அவை 1547-இல் வாங்கப்பட்டன; விரைவில் அவற்றுக்கே இடமில்லாமற் போயிற்று. 1549-இல் புதிய செப நூலை எதிர்த்து அப்பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, மோர்பாத் ஐந்து இளைஞரைப் பொதுப்பணம் கொடுத்து எக்சிட்டர் நகருக்கு வெளியே இருந்த பாசறைக்கு அனுப்பியது. கிளர்ச்சி குருதியில் மூழ்கடிக்கப்பட்டது. 1553-இல் மேரி அரசியானபோது, வீடுகளில் மறைத்து வைத்திருந்த கோவில் பொருள்களை மக்கள் திரும்பக் கொணர்ந்தனர். எலிசபெத்தின் காலத்தில் அவையும் விலக்கப்பட்டன. குருவோ தம் மக்களை விட்டு அகலவில்லை. புதிய முறைக்குப் பணிந்து அங்கேயே இருந்தார். அவரைக் குறை கூறுவது எளிது. ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே ஊரின் சுமையைச் சுமந்தவரை நாம் சற்று நிதானித்தே எடைபோட வேண்டும்.

ஊர் நிர்வாகம் அதனோடு அழிந்துவிடவில்லை. அதன் நோக்கமே மாறியது. 1555-ஆம் ஆண்டுச் சட்டம் சாலைப் பராமரிப்பையும், 1601-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகளின் பராமரிப்பையும் பங்குகளின் தலையில் ஏற்றின. தாமே முன்வந்து கொடுத்த காணிக்கையின் இடத்தை வரி பிடித்துக்கொண்டது. 1894-ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சியைக் கோவிலிலிருந்து பிரித்து, நாட்டுப்புறப் பங்குகளுக்கு ஊர்க்கூட்டத்தை ஏற்படுத்தியது. முந்நூறு பேரோ அதற்கு மேலோ வாழ்ந்த ஊர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் கிடைத்தது.

விளக்குகள் அணைந்தபோது மோர்பாத் இழந்தது பக்தி முயற்சியை மட்டுமன்று. ஆண்டுதோறும் ஓர் ஏழைப் பெண்ணும் ஓர் இளைஞனும் ஊரார் முன் எழுந்து நின்று, "எங்களிடம் ஒப்படைத்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு" என்று கணக்குச் சொல்லும் வாய்ப்பும் அன்றே மறைந்தது. சட்டம் மன்றத்தை அமைத்துவிடலாம். ஆனால் பொறுப்பேற்கும் மனிதரை உருவாக்குபவை இத்தகைய சிறிய பணிகளே. பங்கின் சிறு கணக்கையும் மக்கள் முன் வாசிப்பது வீண் சடங்கு அன்று என்பதை மோர்பாத் நமக்கு உணர்த்துகிறது.