எவர் நட்ட இலக்கு?

1911ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள். அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் ஓரோவில் என்னும் சிற்றூர். அவ்வூர் இறைச்சிக்கூடத்தருகே பசியால் மெலிந்து, களைத்துச் சோர்ந்து ஒரு மனிதர் நின்றார். அவர் மொழி எவருக்கும் புரியவில்லை. கூட்டம் கூடிற்று, காவலர் வந்தனர், சிறையில் வைத்தனர். “காட்டு மனிதன் கிடைத்தான்!” என்று ஏடுகள் கூவின.

யார் அந்தக் காட்டு மனிதர்? யாஹி என்னும் பழங்குடியின் கடைசி மகன். 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. தங்கம் தேடி வந்தவர்கள் மண்ணைக் கேட்டனர். மண்ணில் இருந்தவர்களை வேட்டையாடினர். 1860களின் படுகொலைகளுக்குத் தப்பிய ஒரு சிலர் மலைப்பள்ளத்தில் மறைந்து வாழ்ந்தனர். 1908இல் நில அளவையாளர் சிலர் அந்த மறைவிடத்தையும் கண்டுகொண்டனர். அங்கிருந்த வில், அம்பு, கூடை, போர்வை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயினர். வேடனின் வில்லைக் கொண்டுபோவது அவன் உணவைக் கொண்டுபோவதன்றோ! தாயும் போனாள், தங்கையும் மீளவில்லை. தனித்து நின்றார் அவர். மூன்று ஆண்டுகளுக்குப் பின், பசி அவரை ஓரோவில் நகருக்குத் தள்ளிற்று.

தம் பெயரை அவர் எவரிடமும் சொல்லவில்லை. எனவே அவர் மொழியிலேயே ‘மனிதன்’ என்னும் பொருள்படும் ‘இஷி’ என்ற சொல்லால் அவரை அழைத்தனர். சான்பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழகக் காட்சியகம் அவருக்கு வீடாயிற்று. அதன் அருகிலிருந்த மருத்துவக் கல்லூரிக்கு 1912இல் ஆசிரியராக வந்தவர் சாக்ஸ்டன் போப் என்னும் அறுவை மருத்துவர். இஷிக்கு மருத்துவம் பார்க்க வந்தவர், இஷியிடம் வில்வித்தை கற்கும் மாணவரானார். காட்டிலிருந்து வந்தவர் ஆசான். கல்லூரியிலிருந்து வந்தவர் சீடர்! வரலாற்றில் இத்தகைய காட்சி அரிது.

இஷியின் வில் 42 அங்குல நீளம்தான். ஜூனிப்பர் மரத்தில் செதுக்கி, முதுகுப்புறத்தில் விலங்கின் தசைநாரை ஒட்டிச் செய்தது. அதை முழுதும் இழுக்கச் சற்றேறக்குறைய 40 முதல் 45 ராத்தல் விசை போதும். அதன் அருகில் ஆங்கிலேயரின் ஆறடி நெடுவில்லை நிறுத்தினால், தந்தையின் பக்கத்தில் குழந்தை நிற்பதுபோல் தோன்றும்.

போட்டி நடந்தது. தொலைவில் பெரிய வட்ட இலக்கு நட்டனர். இஷியின் அம்புகள் பல தவறின. நெடுவில் பிடித்தோர் எளிதில் வென்றனர். “இவ்வளவுதானா காட்டுவாசியின் திறமை?” என்று கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். போப் அப்படிப் போய்விடவில்லை, மேலும் பார்த்தார். பத்து, இருபது கெஜத் தொலைவில், புதருக்குள் ஒரு காடையோ அணிலோ இருந்தால் நிலைமை தலைகீழாயிற்று. அங்கே இஷி வென்றார்; வட்ட இலக்கில் வென்றவர்கள் பின்தங்கினர்.

ஒரே மனிதர், ஒரே வில். ஓரிடத்தில் தோல்வி, ஓரிடத்தில் வெற்றி. எப்படி? மந்திரமா? வரமா? இல்லை, கணக்கு!

நாணை இழுக்கும்போது விரல் பிடித்த இடத்தில் நாண் மடிந்து ஒரு கோணம் உண்டாகிறது. நெடுவில்லில் அக்கோணம் விரிந்திருக்கும், குறுவில்லில் கூர்மையாகும். கூரிய கோணம் விரல்களை நெருக்கிப் பிழியும்; நாணை விடும்போது விரல்கள் ஒழுங்காக விலகா; அம்பு மயிரிழை விலகிப் புறப்படும். அந்த மயிரிழை தொலைவோடு சேர்ந்து வளரும். இருபது கெஜத்தில் ஓர் அங்குலமாக இருக்கும் பிழை, நூறு கெஜத்தில் ஐந்து அங்குலமாகும்.

கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடி நீண்ட மூங்கிலைக் கையில் ஏந்துவது ஏன்? நீண்ட கோல் எளிதில் திரும்பாது. உடலின் சிறு தடுமாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும். நெடுவில்லும் அப்படியே. பிடித்த கை சற்றே நடுங்கினாலும் அது எளிதில் முறுக்கிக்கொள்வதில்லை. குறுவில்லோ கையின் குற்றத்தை மன்னிப்பதில்லை. இன்றைய ஒலிம்பிக் போட்டியில் 70 மீட்டர் தொலைவிலிருந்து எய்வோர் ஐந்தரை அடிக்கு மேற்பட்ட வில்லை ஏந்துவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

அப்படியானால் நெடுவில்தான் சிறந்ததா? அவசரப்பட வேண்டா. நீண்ட மரவில், அம்பைத் தள்ளுவதோடு தன் நீண்ட கைகளின் கனத்தையும் தள்ளியாக வேண்டும். விசையில் ஒரு பங்கு அங்கேயே செலவாகும். புதரில் சிக்கும், குந்தியிருந்து எய்ய இடம் தராது. இஷி வேட்டையாடியதோ மண்டியிட்டும் குந்தியும், வில்லைக் குறுக்காகச் சாய்த்துப் பிடித்தும். விரலைப் பிழியும் தொல்லைக்கும் அவர் முறையில் மருந்து இருந்தது. மூன்று விரலால் அன்று, கட்டைவிரலால் நாணை இழுத்தார். மங்கோலிய வில்லாளர் குறுவில்லுக்குக் கட்டைவிரலில் மோதிரமிட்டுக் கண்ட அதே விடை!

குறி தவறுவதைத் தடுக்க அவர் வில்லை நீட்டவில்லை, தொலைவைக் குறைத்தார். வேட்டைக்கு முன் புகையிலையைத் தொடமாட்டார். உடலைக் கழுவி மணத்தைப் போக்குவார். விரலை உதட்டில் வைத்து உறிஞ்சி, துன்புறும் முயலின் குரலை எழுப்புவார். முயல்கள் தாமே வரும். பாடம் செய்த மான்தலையை அணிந்து மானின் ஆவலைத் தூண்டுவார். இலக்குப் போட்டியில் வில்லாளன் நிற்கும் இடம் கோடு கிழித்து வரையறுக்கப்பட்டது. வேட்டையில் அந்தக் கோட்டை வேடனே கிழிக்கிறான். இஷியின் கலை பாதி வில்லில். பாதி அந்தக் கோட்டில்!

இந்தக் கலையைக் கற்ற போப், நெடுவில்லெடுத்து 1920இல் யெல்லோஸ்டோன் காட்டில் கரடி வேட்டைக்கே சென்றார் என்பது தனிக்கதை.

“காடென்றால் குறுவில், களமென்றால் நெடுவில்” என்று சட்டம் எழுதிவிடலாமா? உலகம் அதற்கும் இடந்தரவில்லை. தென்னமெரிக்காவின் பொலிவியக் காட்டில் வாழும் சிரியோனோ மக்கள் ஏழு முதல் ஒன்பது அடி வரை நீண்ட வில்லேந்தினர். தசைநார் ஒட்டாத வெறும் மரவில் நீண்ட அம்பை முழுதும் இழுத்தும் முறியாதிருக்க வேண்டுமானால் நீளம் வேண்டும். தென்னாப்பிரிக்கப் பாலைவெளியின் சான் மக்களுக்கோ மூன்றடி வில்லே போதும். வண்டுப் புழுவின் நஞ்சு தோய்ந்த அம்பு பட்டால் போதும், எஞ்சியதை நஞ்சு பார்த்துக்கொள்ளும். குதிரைமேல் குறுவில்தான் ஏற்றது என்பார்கள். ஜப்பானியர் ஏழடிக்கு மேற்பட்ட வில்லை நடுவில் பிடியாமல், கீழ்ப்பாகத்தில் பிடித்துக் குதிரைமேல் அமர்ந்து எய்து காட்டினர்.

ஆங்கிலேயரின் நெடுவில் வேறு கதை. 1545இல் மூழ்கி 1982இல் தூக்கியெடுக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்னும் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட விற்கள் கிடைத்தன. பெரும்பாலும் ஆறடிக்கு மேல். பலவற்றை இழுக்க 100 ராத்தலுக்கும் மேற்பட்ட விசை வேண்டும். அது காடைக்காக வளைத்த வில்லன்று. படைமேல் அம்புமாரி பொழிய வளைத்தது. அந்த வலிமையும் வரத்தால் வந்ததன்று. விடுமுறை நாள்களில் ஆடவர் வில் பழக வேண்டும் என்று 1363இல் மூன்றாம் எட்வர்டு ஆணையிட்டார். உழவர் மக்கள் இளமை முதலே பழகினர். அக்கப்பலில் கிடைத்த எலும்புகள் சிலவற்றின் தோளில் அந்தப் பயிற்சியின் தடம் இருப்பதாக ஆய்வாளர் கருதுகின்றனர். பிறப்பு பேசவில்லை, பயிற்சி பேசுகிறது!

ஆக, வில்லின் நீளம் எதைச் சொல்கிறது? கிடைத்த மரம் எது, எதிர்நிற்கும் இரை எது, இடைப்பட்ட தொலைவு எவ்வளவு, எய்பவன் நிற்கிறானா குந்துகிறானா என்பவற்றைச் சொல்கிறது. எய்பவன் உயர்ந்தவனா தாழ்ந்தவனா என்பதை அது சொல்வதில்லை.

ஆனால் மனிதரை ஏணியில் நிறுத்தும் பழக்கம் எளிதில் விடுவதில்லை. 1877இல் மார்கன் ‘பண்டைய சமுதாயம்’ என்னும் நூலில், வில்லும் அம்பும் தோன்றியதைக் காட்டுநிலையின் ஒரு படியாக வைத்தார். 1950இல் ஹோம்பர்க், ‘நெடுவில்லின் நாடோடிகள்’ என்று தலைப்பிட்டுச் சிரியோனோ மக்களை மிகப் பின்தங்கியோராகத் தீட்டினார். பின்வந்த ஆய்வாளர், 1920களில் கொள்ளைநோய்கள் அம்மக்களைச் சூறையாடியதை எடுத்துக்காட்டினர். அவர் கண்டது பழமையின் எச்சமன்று, பேரழிவின் எச்சம்! நெடுவில் பிடித்தாலும் ‘காட்டான்’, குறுவில் பிடித்தாலும் ‘காட்டான்’ என்றால், அளக்கப்பட்டது வில்லா?

இஷி 1916 மார்ச் 25ஆம் நாள் காசநோயால் மறைந்தார். அவரது மூளையை எடுத்து வாஷிங்டனில் இருந்த ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினர். எடை போடவும் எடுத்து வைக்கவும் அவர் என்ன பொருளா? உறவுடைய பழங்குடியினர் போராடிக் கேட்டு, 2000ஆம் ஆண்டில்தான் அது மண்ணுக்குத் திரும்பிற்று.

இளைஞர்களே! ஒருவன் குறி தவறினான், தகுதியற்றவன் என்று எவரேனும் தீர்ப்புரைக்கக் கேட்டால், உடனே தலையாட்டாதீர். இலக்கை நட்டவர் யார், தொலைவை அளந்தவர் யார், அது யாருடைய வில்லுக்காக அளந்த தொலைவு என்று கேளுங்கள். போப் அன்று புதரருகே நின்று இன்னொருமுறை பார்த்திராவிட்டால், அந்த ஆசான் உலகத்துக்கு வெறும் தோற்ற வேடனாகவே இருந்திருப்பார்.

இஷி என்றால் மனிதன். அதை அறிய ஓர் ஆராய்ச்சி வேண்டியிருந்தது என்பதே நாகரிகத்தின் குறி தவறிய இடம்.