மருந்து வீடு தேடிச் சென்ற வரலாறு

முஸ்லிம்களின் மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவோர் பக்தாதின் அளுதீ, கெய்ரோவின் மன்சூரி முதலிய பீமாரிஸ்தான்களின் சிறப்பையே விரித்துரைப்பது வழக்கம். ஆயின், இப்னு அபீ உஸைபிஆ தம் 'உயூனுல் அன்பா' நூலில் பதிந்துள்ள ஒரு கடிதச் செய்தி அக்கட்டடங்களினும் உயர்ந்தது என்பது என் துணிபு. ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலீஃபா முக்ததிரின் அமைச்சராயிருந்த அலீ இப்னு ஈஸா, தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்துக்கு எழுதியது அது. சிறையில் கிடப்போர் மருத்துவரை நாடி வர இயலாதவர். எனவே நாள்தோறும் மருத்துவர் அங்கே செல்லவேண்டும். ஸவாத் பகுதிச் சிற்றூர்களில் மருத்துவரே இல்லை. மருந்துடன் ஊர் ஊராகச் சென்று, தேவையுள்ள வரை தங்கிப் பணிபுரியவேண்டும். யூதர் மிகுந்த ஸூரா ஊரை அடைந்தபோது, அவர்களுக்கும் மருத்துவம் செய்யலாமா என ஸினான் கேட்டெழுத, செய்க என விடை வந்தது. முன்னுரிமையில் முஸ்லிம்களையே அமைச்சர் முதலில் வைத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். (ஸினான் அந்நாளில் ஸாபியீ சமயத்தவர், இஸ்லாத்தைத் தழுவியது பின்னரே.)

நோயாளி மருத்துவமனைக்கு வரவேண்டுமா, மருத்துவம் நோயாளியிடம் செல்லவேண்டுமா என்னும் இவ்வினா ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் நம் சென்னையில் முறையான ஆய்வுக்கு உள்ளாயிற்று. இதனை நம்மவர் பலர் அறியார்.

காசநோய்க்குச் சானடோரியமே கதி என்றிருந்த காலம் அது. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய சானடோரியத்தின் பெயர் ரயில் நிலையத்தில் இன்றும் நிற்கிறது. தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, குடும்பத்தினின்றும் பிரிவு ஆகியவையே அன்றைய மருத்துவம். ஆனால், 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை நாட்டில் 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகக் கணித்தது. படுக்கைகளோ சுமார் 6,000. எஞ்சியோர் வீட்டிலேயே கிடந்து மடிந்தனர்.

இந்நிலையில் 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன சேர்ந்து சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையத்தை நிறுவின. சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழித்தோன்றலே. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகள் தெரிவுசெய்யப்பட்டனர். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பது மருத்துவரின் விருப்பப்படியன்றிக் குலுக்கல் போன்றதொரு முறையால் முடிவாயிற்று. இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்னும் ஒரே மருந்துகள்.

சானடோரியத்தார் நல்லுணவு உண்டு ஓய்வெடுத்தனர், எடையும் கூடினர். வீட்டிலிருந்தோர் நெருக்கடியான சிறு குடியிருப்புகளில், வறிய உணவுடன், பலர் வேலைக்கும் சென்றுகொண்டு மருந்துண்டனர். 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்திற்று. சானடோரியத்தின் விளைவு சற்றே மேம்பட்டிருந்தபோதிலும் வேறுபாடு சிறிதே. ஐந்தாண்டுத் தொடர் ஆய்வில் அதுவும் நிலைக்கவில்லை. அதனினும் பெரிய அச்சம் குடும்பத்தாரைப் பற்றியது. வீட்டில் நோயாளியை வைத்திருந்தால் குழந்தைகளுக்குத் தொற்றாதா? சானடோரியம் சென்றோரின் குடும்பத்தாரைவிட இவர்தம் குடும்பத்தாரிடையே நோய் மிகவில்லை என்பதே ஐந்தாண்டுக் கணக்கு. தொற்றில் பெரும்பகுதி நோய் கண்டறியப்படுமுன்பே நிகழ்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கியதும் பரப்பும் ஆற்றல் விரைந்து குன்றுகிறது.

'வீடே போதும்' என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. மருந்தைக் கொடுத்தனுப்பிவிட்டு மையம் வாளாவிருக்கவில்லை. செவிலியரும் சுகாதாரப் பார்வையாளரும் வீடுகளுக்குச் சென்றனர். முன்னறிவிப்பின்றியும் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். மருந்து உண்டாரா என அறியச் சிறுநீரைச் சோதித்தனர். வயிற்றைப் புரட்டும் பி.ஏ.எஸ். மருந்தைப் பலர் ஒழுங்காக உண்பதில்லை என்பது இவ்வாறே வெளிப்பட்டது. செவிலியர் கண்முன்னே மருந்துண்ணும் முறை 1960களில் சென்னையில் ஆராயப்பட்டதும் இதன் தொடர்ச்சியே.

இங்கே நம் மரபு எழுப்பும் வினா ஒன்றுண்டு. நோயாளியை நலம் விசாரித்தல், 'இயாதத்', ஒரு முஸ்லிமின் மீது இன்னொரு முஸ்லிமுக்குள்ள உரிமைகளுள் ஒன்று. அதேவேளை, அனுமதி பெற்று ஸலாம் உரைத்தபின்னரே பிறர் இல்லத்தில் நுழையவேண்டும் என்பது ஸூரத்துந் நூரின் கட்டளை. நோயின் பெயரே மணப்பேச்சைக் குலைக்கும் தெருவில், சீருடைச் செவிலியர் ஒரு வாசலில் நிற்பதே அவ்வீட்டின் இரகசியத்தைப் பறைசாற்றிவிடும். நலம் விசாரிப்பும் கண்காணிப்பும் ஒரே நடையில் வந்தன. நோயாளியின் மானம் காக்கப்பட்டதா என்பதை எந்தப் புள்ளிவிவரமும் பதியவில்லை. அலீ இப்னு ஈஸாவின் கடிதத்தில் இத்தகைய சோதனைக்கு இடமில்லை. ஆனால் நெடுநாள் மருந்துண்ண வேண்டிய நோயும் அங்கே பேசப்படவில்லை.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இவ்வழியே இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டுக்குக் கொணர்ந்தது. படுத்த படுக்கையாயிருப்போருக்குச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வந்தனர். 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டை போன்ற இடங்களில் இதற்கு வேறொரு தடை உண்டு. ஷிப்டுக்குச் செல்பவரைப் பகலில் வீட்டில் காண்பதரிது. இரவு வேலை முடித்து வந்தவர் கதவடைத்து உறங்குவார். முதியோர் மருந்து பெறுவர். அவர்களின் மக்களோ தமக்கு அழுத்தம் ஏறியிருப்பதையே அறியார். தொழிலிடத்துக்கே சென்று சோதிக்கும் திட்டம் 2024இல் சேர்க்கப்பட்டதன் காரணம் இதுவே. ஆயினும் பெரிய ஆலையில் ஆளைக் காண்பது எளிது. நான்கைந்து பேர் வேலைசெய்யும் லேத் பட்டறையின் வாசல்தான் இன்னும் எட்டாத் தொலைவு.