யூனியா என்ற பெயரின் மேல் ஒரு குறி

'அப்போஸ்தலர்' என்று நாம் பயபக்தியோடு உச்சரிக்கும் சொல், கிரேக்கத்தில் மிகச் சாதாரணமானது. அனுப்பப்பட்டவர் என்று பொருள். அவ்வளவுதான். சிறையில் இருந்த பவுலுக்கு உதவிப் பொருள்கள் கொடுத்து பிலிப்பி ஊர் சபையார் ஓர் ஆளை அனுப்பினார்கள். எப்பாப்பிரோதீத்து என்பது அவர் பெயர். பவுல் அவரையும் இதே சொல்லால்தான் குறிப்பிடுகிறார். இங்குள்ள கத்தோலிக்கத் தமிழர்கள் சொல்லும் 'திருத்தூதர்' மூலத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஆனால் முன்னால் 'திரு' வந்து ஒட்டிக்கொண்டதும் சொல் மேடையேறிவிடுகிறது.

ஒருவரைக் கடவுள் அழைத்து அனுப்பினார் என்றால், அதை யார் உறுதிசெய்வது? கிறிஸ்தவத்தின் முதல் தலைமுறையே இந்தக் கேள்வியில் சண்டை போட்டிருக்கிறது. எனக்கு அந்த வரலாற்றில் சுவாரசியமான இடமே இதுதான்.

அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் முதல் அதிகாரத்தில் யூதாசின் இடம் காலியாகிறது. அதை நிரப்ப வைக்கப்படும் தகுதி விதிகளைப் படித்தால் வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் போலவே இருக்கும். யோவானின் ஞானஸ்நான காலம் தொடங்கி இயேசு மேலே எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்வரை கூடவே இருந்திருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். இரண்டு பேர் தேறுகிறார்கள். சீட்டுப் போட்டதில் மத்தியா வருகிறார். அதற்குப் பிறகு புதிய ஏற்பாட்டில் அவர் பெயரே இல்லை. கி.பி. 44 வாக்கில் ஏரோது அகிரிப்பா, யோவானின் சகோதரர் யாக்கோபைக் கொன்றபோது அந்த இடத்துக்கு யாரையும் தேர்ந்தெடுத்ததாகவும் இல்லை. பன்னிரண்டு என்பது இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களை நினைவூட்டும் எண். காலியானால் நிரப்பிக்கொண்டே போகும் நாற்காலி வரிசையாக அதை யாரும் நடத்தவில்லை.

சரி, இந்த விதிகளின்படி பவுல் தேறுவாரா? தேறமாட்டார். இயேசு உயிரோடு இருந்தபோது கூட நடந்தவர் இல்லை, சபையைத் துன்புறுத்தியவர். நடபடிகளின் பிற்பகுதி முழுக்க அவர் கதைதான். ஆனாலும் அந்த நூல் அவரை அப்போஸ்தலர் என்று சொல்வது பதினாலாம் அதிகாரத்தில் இரண்டே இடங்களில், அதுவும் பர்னபாவோடு சேர்த்து. பவுலோ தன் கடிதங்களில் திரும்பத் திரும்ப அந்தப் பெயருக்காகப் போராடுகிறார். மனிதர் யாரும் தன்னை நியமிக்கவில்லை, தாயின் வயிற்றிலேயே கடவுள் தன்னைப் பிரித்தெடுத்தார் என்று கலாத்தியருக்கு எழுதுகிறார். இது எரேமியா தீர்க்கதரிசியின் அழைப்பை எதிரொலிக்கும் பேச்சு என்பது கேட்ட யூதர்களுக்கு உடனே புரிந்திருக்கும். எதிராளிகள் கொரிந்துவில் தங்கள் பெருமையை அடுக்கியபோது, இவர் தன் உடம்பின் கணக்கைச் சொல்கிறார்: முப்பத்தொன்பது அடி ஐந்து தடவை, மிலாறடி மூன்று தடவை, கல்லெறி ஒருமுறை, கப்பல் சேதம் மூன்று முறை. இப்படிப் பேசுவது பைத்தியக்காரத்தனம் என்றும் அவரே சொல்லிக்கொள்கிறார். தோல்விகளை அடுக்கி எழுதிய இப்படியொரு சுயவிவரம் வேறெங்கும் நான் வாசித்ததில்லை.

அதே கொரிந்தியர் கடிதங்களில், உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 'பன்னிருவர்' தனியாக வருகிறார்கள். 'அப்போஸ்தலர் எல்லாரும்' பிறகு தனியாக வருகிறார்கள். ஆக, பவுலின் கணக்கில் அப்போஸ்தலர் பன்னிருவரைவிடப் பெரிய கூட்டம். முதல் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்ததன் தொடக்கத்திலோ எழுதப்பட்ட 'திதாக்கே' என்ற சிறுநூலிலும் அப்போஸ்தலர்கள் ஊர் ஊராக வந்துபோகிறார்கள். ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இன்னொரு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது ரொட்டி மட்டும் கொடுங்கள், காசு கேட்டால் அவனும் கள்ளன். (பெயருக்கு முன்னால் 'அப்போஸ்தலர்' போட்டுக்கொள்ளும் இக்காலச் சுவரொட்டிகளை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.)

இந்தப் பெரிய கூட்டத்தில்தான் யூனியா இருக்கிறார். ரோமர் கடிதம் 16ஆம் அதிகாரம், ஏழாம் வசனம். அன்றோனீக்கு, யூனியா என்ற இருவருக்கு பவுல் வாழ்த்துச் சொல்கிறார். தன் இனத்தார், தன்னோடு சிறைப்பட்டவர்கள், தனக்கு முன்பே கிறிஸ்துவுக்குள் வந்தவர்கள், அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள் என்கிறார். யூனியா பெண்பெயர். ரோம் நகரக் கல்வெட்டுகளில் மட்டும் 250 தடவைக்குமேல் வரும் பெயர்.

ஆனால் அந்த வசனத்தில் அது வரும் வேற்றுமை வடிவில், ஓர் அழுத்தக்குறியை மாற்றிப் போட்டால் 'யூனியாஸ்' என்ற ஆணாக வாசிக்கலாம். மிகப் பழைய பிரதிகளில் அழுத்தக்குறிகளே கிடையாது. நம் ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி இருக்காது, எகரமா ஏகாரமா என்று தெரியாது, வாசிப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும். (ஏகாரத்துக்குத் தனிக் குறி தந்தவர் என்று நாம் சொல்லும் வீரமாமுனிவரும் ஒரு பாதிரியார்தான்.) ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு குறி போட்டு எழுதிய கிரேக்கப் பிரதியாளர்கள் பெண்பெயராகவே போட்டார்கள். லூத்தர் 1522இல் வெளியிட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அவர் ஆணாகிவிட்டார். அறிஞர்கள் பெரிதும் நம்பிய நெஸ்லே கிரேக்கப் பதிப்பு 1927இல் ஆண்பெயருக்கான குறியைப் போட்டது. 'யூனியாஸ்' என்ற ஆண் பெயரோ பண்டைய கல்வெட்டு எதிலும் கிடைக்கவில்லை. இல்லாத ஓர் ஆளுக்காக இருந்த பெண்ணை எடுத்துவிட்டார்கள். 1998இல்தான் அந்தப் பதிப்பு மறுபடி பெண்பெயருக்குத் திரும்பியது.

நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'யூனியா' என்றே இருக்கிறது. ஆனால் 'பெயர்பெற்றவர்கள்' என்ற பலர்பால் ஆணா பெண்ணா என்று காட்டாது. ஆணாக்கவும் இல்லை, பெண் என்று யாரும் கவனிக்கவும் இல்லை.

பெண்தான் என்று ஒத்துக்கொண்ட பிறகு விவாதம் வேறு பக்கம் திரும்பியது. 'அப்போஸ்தலருக்குள்' அல்ல, 'அப்போஸ்தலரிடம்' பெயர்பெற்றவர் என்றுதான் அந்தத் தொடரை வாசிக்க வேண்டும் என 2001இல் இரண்டு அறிஞர்கள் வாதிட்டார்கள். இலக்கண வாதம் வலுவாகத்தான் தெரிகிறது. ஆனாலும் நான் நான்காம் நூற்றாண்டின் யோவான் கிறிசோஸ்தோம் பக்கம்தான். அவர் பேசியதும் எழுதியதும் கிரேக்கத்தில். பெண்கள் சபையில் போதிக்கக்கூடாது என்று கறாராகப் பேசியவர். பெண்ணுக்குப் பரிந்து பேசும் அவசியம் அவருக்கு இல்லை. அவரே இந்த வசனத்துக்கு வந்ததும், அப்போஸ்தலர் என்ற பெயருக்குத் தகுதியானவள் என்று எண்ணும் அளவுக்கு இந்தப் பெண்ணின் ஞானம் எவ்வளவு பெரியது என்று வியக்கிறார்.