முதலில் வந்தவருக்குப் பரிசு இல்லை!

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கோபுர வாசலிலிருந்து இராஜபாளையம் பஸ் நிலையம் வரை ஒரு சைக்கிள் பந்தயம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். இந்த முனையில் தொடங்கி அந்த முனைக்கும் போகலாம், அங்கிருந்து இங்கும் வரலாம். இன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் எல்லோருக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் கெடு தாண்டிவிட்டது. அடுத்தவர் கெடுவுக்குள் சேர்ந்தார். மூன்றாமவர் எதிர்த் திசையில், மிகவும் பிந்திப் புறப்பட்டு, மூவரிலும் குறைந்த நேரத்தில் ஓட்டி முடித்தார். இவர்களில் வென்றவர் யார்?

இந்தக் கேள்வியை எந்த டீக்கடையில் போட்டாலும் கடை சாத்தும் வரை விவாதம் ஓயாது. 1930ஆம் ஆண்டில் இதே வழக்கு வானத்தில் நடந்தது. அதில் சம்பந்தப்பட்ட மூவரும் இந்தியர்கள், மூவரும் இளைஞர்கள்.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தன்னந்தனியாக விமானம் ஓட்டி வரும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று 1929இன் இறுதியில் ஆகா கான் அறிவித்தார். பணம் அவருடையது, ஆனால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு லண்டனிலிருந்த இராயல் ஏரோ கிளப்புக்கு. பயணம் எந்தத் திசையிலும் இருக்கலாம். புறப்பட்ட நாளிலிருந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் முடிந்தாக வேண்டும். கூட ஒருவரும் இருக்கக் கூடாது.

அந்தக் காலத்து விமானத்தை இன்றைய ஜெட் விமானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். அவர்கள் ஓட்டியது 'ஜிப்ஸி மாத்' என்ற சின்னஞ்சிறு இயந்திரம். மரச் சட்டம்; அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி; துணி விறைப்பாக நிற்க ஒரு வகை மெருகுப் பூச்சு. நூலும் துணியுமாகப் பிழைக்கும் இராஜபாளையத்துக்காரர்களுக்கு, இறக்கை துணியால் ஆனது என்றால் வியப்போடு கொஞ்சம் பெருமையும் வரும்! கூரை கிடையாது. வெயிலும் மழையும் விமானியின் முகத்தில்தான். வானொலி கிடையாது. நிலப்படம், திசைகாட்டி, கீழே தெரியும் அடையாளங்கள் - ஆறு, ரயில் பாதை, கடற்கரை - இவையே வழித்துணை. நம் ஊர்மேல் பறந்திருந்தால் 192 அடி உயரமுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் பார்த்துத்தான் திசை பிடித்திருப்பார்கள். வேகம் மணிக்குச் சுமார் 85 மைல். அதாவது நம் சைக்கிள் பந்தயத் தூரத்தை ஐந்தாறு நிமிடங்களில் கடக்கலாம். ஆனால் கடக்க வேண்டியிருந்தது நாலாயிரம் மைலுக்கும் மேல்.

மன்மோகன் சிங் தமது விமானத்துக்கு 'மிஸ் இந்தியா' என்று பெயர் வைத்தார். அவர் வழி தவறித் திரும்பிய கதைகளைக் கேட்ட ஓர் ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியர், "பெயருக்கு ஏற்பவே இந்தியாவைத் தவற விட்டுவிடுவார் போலிருக்கிறது" என்ற பொருளில் சிலேடையாகக் கிண்டல் செய்தார். மன்மோகன் சிங் தவற விடவில்லை. இங்கிலாந்திலிருந்து தனியாகப் பறந்து வந்து சேர்ந்தார். ஆனால் வழியில் நேர்ந்த தடங்கல்கள் அவருடைய நாட்களைத் தின்றுவிட்டன. கெடு கடந்துவிட்டது.

ஆஸ்பி என்ஜினீயருக்கு அப்போது வயது 17. அவர் 1930 ஏப்ரல் 25இல் லண்டனை அடுத்த குராய்டனில் புறப்பட்டார். ஜே. ஆர். டி. டாட்டா மே 3இல் எதிர்த் திசையில் கராச்சியிலிருந்து கிளம்பினார். இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை 1929 பிப்ரவரியில் பெற்றவர் இவர்தான்.

இருவரும் எகிப்தில் அபுகீர் விமானத் தளத்தில் சந்தித்தார்கள். ஆஸ்பி அங்கே தவித்துக்கொண்டிருந்தார். காரணம், ஸ்பார்க் பிளக். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பற்ற வைக்கும் பொறி அதன் முனையில்தான் பிறக்கிறது. கரியும் எண்ணெயும் படிந்தால் பொறி வராது. பொறி இல்லையேல் என்ஜின் வெறும் இரும்புக் கட்டி. ஜிப்ஸி மாத்தின் நான்கு சிலிண்டர்களுக்கும் இரண்டிரண்டாக எட்டு பிளக்குகள் தேவை. ஆஸ்பியிடம் மாற்று பிளக் இல்லை. டாட்டாவிடம் இருந்தது. போட்டியாளர் என்று பாராமல் எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி பதிலுக்குத் தமது உயிர்காப்பு அங்கியை அவருக்குக் கொடுத்தார்.

மே 11இல் ஆஸ்பி கராச்சியில் இறங்கினார். சில மணி நேரம் பிந்தி டாட்டா குராய்டனை அடைந்தார். பரிசு ஆஸ்பிக்கு.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதலில் வந்தவர் மன்மோகன் சிங். பரிசு வென்றவர் ஆஸ்பி. குறைந்த நாட்களில் முடித்தவர் டாட்டா. 'யார் முதல்வர்' என்ற ஒரே கேள்விக்கு மூன்று நியாயமான விடைகள்! கிளப்பின் முன் இருந்த கேள்வியோ வேறு: கெடுவுக்குள் பறந்தவர்களில் முன்னதாக முடித்தவர் யார்? விதி எழுதப்பட்டபோதே விடை பாதி முடிவாகிவிட்டது. மன்மோகன் சிங்குக்காக வருந்தாமல் இருக்க முடியாது. ஆனாலும் கெடுவைப் பின்னால் தளர்த்தியிருந்தால் ஆஸ்பிக்குத்தான் அநீதி இழைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

சரி, கிளப்பின் தீர்ப்பே தவறு என்று ஒருவர் கருதினால் என்ன செய்யலாம்? பறத்தல் விளையாட்டுகளுக்கு 1905இல் ஓர் உலகக் கூட்டமைப்பு உருவானது. ஒவ்வொரு நாட்டின் தேசிய ஏரோ கிளப்பும் அதன் உறுப்பினர். அதன் விளையாட்டு விதித்தொகுப்பு மூன்று படிகள் வைத்திருக்கிறது. முதலில் போட்டி அதிகாரிகளிடம் புகார். அதில் திருப்தி இல்லையேல் எழுத்து மூலம் ஆட்சேபம். இதற்குக் கட்டணம் கட்ட வேண்டும், ஆட்சேபம் சரியென்று முடிவானால் பணம் திரும்பி வரும். வீண் வம்பைத் தடுக்க நல்ல ஏற்பாடு! அதற்கும் மேலே, தமது தேசிய கிளப்பின் வழியாக உலகக் கூட்டமைப்பிடம் மேல்முறையீடு.

இந்தக் கூட்டமைப்பே ஒருமுறை தன் விதியால் சங்கடப்பட்டது. 1961 ஏப்ரல் 12இல் யூரி ககாரின் விண்வெளி சென்று திரும்பினார். சாதனைப் பதிவுக்கு, விமானி தம் கலத்தோடே தரையிறங்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ககாரினோ சுமார் ஏழு கிலோமீட்டர் உயரத்தில் கலத்தை விட்டு வெளியேறிப் பாராசூட்டில் இறங்கியிருந்தார். சோவியத் தரப்பு இதைச் சொல்லாமல் மறைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பறந்த டிட்டோவ், தாம் பாராசூட்டில் இறங்கியதை ஒப்புக்கொண்டதும் கேள்வி எழுந்தது. கூட்டமைப்பு கூடி யோசித்தது. விண்வெளிக்குப் போவது, பூமியைச் சுற்றுவது, உயிரோடு திரும்புவது - இவையே முக்கியம் என்று விதியைத் திருத்திக்கொண்டது. ககாரினின் சாதனை ஏட்டில் நிலைத்தது. 1930இல் அசையாத விதி, இங்கே வளைந்து கொடுத்தது. ககாரினோடு அன்று போட்டியிட்டவர் யாரும் கெடுவுக்குள் ஓடி வந்து காத்திருக்கவில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

மூவரும் பிறகு என்ன ஆனார்கள்? டாட்டா 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார். அங்கிருந்து அந்தத் தபால் சென்னைக்கு வந்தது. ஆஸ்பி 1960இல் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதி ஆனார். மன்மோகன் சிங் பின்னாளில் ஆப்பிரிக்காவின் தென்முனையிலுள்ள கேப் டவுன் வரை தனியாகப் பறந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் சேர்ந்த அவர், 1942 மார்ச் 3இல் ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் ஜப்பானிய விமானத் தாக்குதலில் உயிரிழந்தார்.