திருநாவலூரில் தங்கிய மலையாளச் சேவகர்கள்

திருநாவலூர்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது சுந்தரர்தான். அவர் பிறந்த ஊர். அப்பா சடையனார், அம்மா இசைஞானியார், எடுத்து வளர்த்த நரசிங்கமுனையரையர், ஆக நாலு பேரும் அறுபத்துமூவரில் இருக்கிறார்கள். ஒரு சின்ன ஊருக்கு இதுவே பெரிய பெருமை. அதனாலோ என்னவோ, பக்தஜனேஸ்வரர் கோயிலுக்கு வருகிற பலரும் கல்வெட்டுப் பக்கம் திரும்புவதே இல்லை.

கல்வெட்டில் இருப்பது வேற கதை. 10ஆம் நூற்றாண்டு, முதலாம் பராந்தகன் ஆட்சி. வடக்கே ராஷ்டிரகூடர் பயம். பராந்தகனின் மகன் ராஜாதித்தன் பெரும்படையோடு இந்தத் திருமுனைப்பாடி நாட்டில் வந்து தங்குகிறான். பத்து நாள் முகாம் இல்லை, வருஷக்கணக்கா. ஊருக்கு ராஜாதித்தபுரம்னே இன்னொரு பேர் விழுந்தது. திருத்தொண்டீச்சரம் கற்றளி ஆனதும் அவனால்தான்.

கூட வந்தவர்களில் சேரநாட்டு ஆட்கள் நிறைய. கல்வெட்டு அவர்களை 'மலையாண ஒற்றைச் சேவகர்' என்கிறது. அவர்கள் இந்தக் கோயிலுக்கு விளக்கு வைத்திருக்கிறார்கள்.

விளக்கு வைப்பதுன்னா எண்ணெய் வாங்கிக் கொடுப்பதல்ல. அந்தக் காலத்தில் ஒரு நந்தாவிளக்குக்கு வழக்கமாக 90 அல்லது 96 ஆடு. ஆடுகளை ஊர் இடையர்கள் ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்கணும். செத்ததுக்குப் பதிலாகக் குட்டிகள் வளர்ந்து எண்ணிக்கை குறையாமல் நிற்கும் என்பது கணக்கு. அதனால்தான் 'சாவா மூவாப் பேராடு' என்று பேர். கொடுத்தவன் நாளைக்கே போரில் விழுந்தாலும் இடையன் வீட்டு நெய் நிற்காது. எங்கிருந்தோ வந்த சிப்பாய்க்கும் உள்ளூர் மேய்ப்பனுக்கும் இதைவிட நெருக்கமான உறவு என்ன இருக்க முடியும்?

படைத்தலைவர்களும் சும்மா இல்லை. பெண்ணையாற்றங்கரையில் ஓர் ஊருக்குப் பேரே கிராமம். அங்கே 943இல் சிவனுக்குக் கற்றளி எடுத்தவன் புத்தூரைச் சேர்ந்த வெள்ளங்குமரன், ராஜாதித்தனின் சேரநாட்டுத் தளபதி.

949இல் தக்கோலத்தில் போர். யானை மேலிருந்த ராஜாதித்தன் கொல்லப்பட்டான். 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று பிற்காலக் கல்வெட்டுகள் சொல்வது அவனைத்தான். நாடு ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணன் கைக்குப் போனது. அதே திருநாவலூர்க் கோயிலில் கன்னரதேவன் என்ற பெயரில் அவனுடைய ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. பக்கத்திலேயே. அரசன் மாறினாலும் கோயிலுக்குக் கொடுப்பது நிற்கவில்லை.

அந்தத் தளபதி என்ன ஆனான்? திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற துறவியின் கல்வெட்டு இருக்கிறது. சேரநாட்டில் பிறந்து ராஜாதித்தனிடம் இருந்தவர், போரில் தலைவனோடு சாக முடியாமல் போனதால் துறவு பூண்டு கங்கையாடி வந்தார் என்று அது சொல்கிறது. அவர்தான் வெள்ளங்குமரன் என்பது ஆய்வாளர்கள் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அந்தக் கல்வெட்டில் போட்டிருக்கும் ஆட்சியாண்டு, தன் தலைவனைக் கொன்ற படையின் அரசன் கன்னரதேவனுடையது.