தோல் நோயாளியின் இடுப்பளவு: சோரியாசிஸ்–கொழுப்பு உறவு தெரியவந்த வரலாறு, தங்கவயலிலிருந்து ஒரு பார்வை

கோலார் தங்கவயலில் தோலில் எது வந்தாலும் பழி முதலில் சயனைடு மேட்டின்மேல்தான் விழும். பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் 3 கோடி டன்னுக்கும் மேல் ஊரெங்கும் குன்றுகளாகக் கிடக்கிறது. காற்றுக் காலத்தில் பாலகாட், உரிகம், சாம்பியன் ரீஃப் என எந்தக் குடியிருப்பிலும் அந்தத் தூசி வந்து படியும். கண் எரியும், தோல் அரிக்கும். மக்களின் இந்தக் குறை நியாயமானது. ஆனால் சோரியாசிஸ் வேறு வழியாக வரும் நோய். முழங்கை, முழங்கால், தலை, முதுகின் அடிப்பகுதியில் தடித்த திட்டு எழும்பும். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் அது நம் தோலில் கருநீலம் ஓடியதுபோல் இருக்கும். மேலே வெள்ளி நிறச் செதில். அதை நகத்தால் பெயர்த்தால் அடியில் ஊசிமுனை அளவுக்கு ரத்தம் துளிர்க்கும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பித்துக்கொள்ளவேண்டிய மேல்தோல் மூன்று முதல் ஐந்து நாளில் அவசரமாகப் புதுப்பித்துக்கொள்வதால் உதிரும் செதில் அது. இந்தியாவில் 100 பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இந்நோய்க்கு ஆளாகிறார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. சித்த மருத்துவம் இதைக் காளாஞ்சகப்படை என்கிறது. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தெடுக்கும் தைலம் நம் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு.

இந்நோய்க்கும் உடற்கொழுப்புக்கும் உள்ள தொடர்பின் முதல் அறிகுறி 19ஆம் நூற்றாண்டிலேயே கண்ணில் பட்டது. அது மருத்துவ நடைமுறையாக மாற நூறாண்டு பிடித்தது. அதற்குக் காரணம் கொழுப்பைப் பற்றிய ஒரு தவறான எண்ணம். இந்திய உடலைப் பொறுத்தவரை எடை என்கிற அளவுகோலும் தன் பங்குக்கு உண்மையை மறைத்தது. இந்த இரண்டையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா 1841இல் சோரியாசிஸைத் தொழுநோயிலிருந்து தெளிவாகப் பிரித்தார். அதுவரை இரண்டையும் ஒன்றாகக் கருதி ஒதுக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். நம்மூரில் அந்தப் பயம் இன்றும் முழுதாகப் போய்விடவில்லை. 1897இல் ஸ்ட்ராஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் சோரியாசிஸ் உள்ளவர்களிடம் சர்க்கரை நோய் காணப்படுவதைப் பதிவு செய்தார். அதன்பின் நெடுங்காலம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இதை அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன். தோலையும் சர்க்கரையையும் இணைக்கும் பொருள் எது என்று அன்று யாராலும் காட்ட முடியவில்லை. காரணம் காட்ட முடியாத கவனிப்பு பாடநூலின் அடிக்குறிப்போடு நின்றுவிடும்.

இடையில் கிடைத்த ஒரு சான்று கொடுமையான இடத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் ஜப்பானியர் நடத்திய முகாம்களில் கைதிகள் பட்டினியால் உருக்குலைந்தார்கள். அவர்களிடம் சோரியாசிஸ் அடங்கியதைத் தோல் மருத்துவர் சைமன்ஸ் 1949இல் எழுதினார். பட்டினியை யாரும் மருந்தாகச் சொல்ல முடியாது. ஆனால் உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு இந்த நோயோடு ஏதோ பேசுகிறது என்பதை அந்தக் கட்டுரை அன்றே சொல்லாமல் சொல்லிவிட்டது.

இரண்டாவது தடயம் மருந்திலிருந்து கிடைத்தது. 1951இல் கப்னர் என்ற மருத்துவர் மூட்டுவாதத்துக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது சோரியாசிஸ் மறைவதைக் கண்டார். அதன் வழிவந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் நம் அரசு மருத்துவமனைகளின் முதல்நிலை மருந்து. நெடுநாள் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் தழும்பேறியது. மருந்தையே குற்றம் சொன்னார்கள். பின்னர் கணக்கெடுத்தபோது பருமன், சர்க்கரை நோய், மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கே அந்தச் சேதம் அதிகம் என்று தெரிந்தது. அவர்களில் பலரது கல்லீரலில் முன்பே கொழுப்பு படிந்திருந்தது. என் பார்வையில், இந்த வரலாற்றில் போதிய கவனம் பெறாத அத்தியாயம் இதுதான்.

திருப்பம் 1990களில் வந்தது. 1993இல் ஹோட்டாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் குழுவினர், பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கிறது, அதனால் இன்சுலின் வேலை தடைப்படுகிறது என்று காட்டினார்கள். 1994இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு லெப்டின் என்ற கொழுப்புத் திசுச் சுரப்புக்கான மரபணுவைக் கண்டது. அதேபோன்ற சுரப்புகளில் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அடிப்போனெக்டின் வந்தது, 2001இல் ரெசிஸ்டின். வெறும் கிடங்கு என்று நினைத்திருந்த கொழுப்பு, நாளமில்லாச் சுரப்பியாகத் தெரிய ஆரம்பித்தது. லெப்டின் பசியை அடக்குவதோடு அழற்சிச் செல்களையும் தூண்டும். கொழுப்பு கூடக்கூட ரத்தத்தில் அதுவும் கூடும். அடிப்போனெக்டின் அழற்சியைத் தணிக்கும். ஆனால் கொழுப்பு கூடும்போது அது குறையும். சோரியாசிஸ் திட்டை எரியவைக்கும் பொருள்களில் முக்கியமானவை டி.என்.எஃப். ஆல்ஃபாவும் இன்டர்லூகின்-17உம். அடிப்போனெக்டின் இல்லாத எலிகளில் இன்டர்லூகின்-17 பெருகி, சோரியாசிஸ் போன்ற அழற்சி கடுமையானதை 2015இல் டோக்கியோவின் ஷிபாட்டா குழு நிறுவியது. ஸ்ட்ராஸ் விட்ட இடத்தில் இருந்த இடைவெளி அப்போதுதான் நிரம்பியது.

அதற்குள் மக்கள்தொகைக் கணக்குகளும் வந்து சேர்ந்திருந்தன. 2006இல் பிரிட்டன் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த கெல்ஃபண்ட் குழு, கடுமையான சோரியாசிஸ் உள்ள 30 வயதினருக்கு மாரடைப்பு அபாயம் மும்மடங்கு என்றது. 2007இல் 78,626 அமெரிக்கச் செவிலியரின் 14 ஆண்டுத் தரவு, எடை கூடியவர்களுக்குப் பின்னர் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. எது எதற்குக் காரணம் என்ற கேள்விக்கு 2019இல் பிரிட்டன், நார்வே மரபணுத் தரவுகள் விடை தந்தன: உடல்நிறைக் குறியீடு (உயரத்துக்கேற்ற எடையின் அளவு) ஓர் அலகு கூடினால் சோரியாசிஸ் வாய்ப்பு சுமார் 9 சதவீதம் கூடும். நோய் எடையைக் கூட்டுகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை.

இந்தியாவில் ஸ்ரீநகரில் நிசா, காசி இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோரியாசிஸ் நோயாளிகளில் 28 சதவீதம் பேருக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் (இடுப்புக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்புக் கோளாறுகள் சேர்ந்து வரும் நிலை) இருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் அது 6 சதவீதமே. 2012இல் மதனகோபாலன், ஆனந்தன் இருவரும் தென்னிந்திய நோயாளிகளிடம் கண்டது 44 சதவீதம். அங்கே ஒப்பீட்டுக் குழுவிலேயே 30 சதவீதம் பேருக்கு அது இருந்தது. இந்த 30தான் என்னைக் கவலைப்படவைக்கும் எண். தோல் நோய் இல்லாத நம்மவர்களே ஏற்கெனவே இந்த விளிம்பில் நிற்கிறார்கள். புதுச்சேரி ஜிப்மரில் மேதா ராஜப்பா குழு 2015இல் இன்னும் ஆழமாகப் போனது. நோயாளிகளிடம் லெப்டினும் ரெசிஸ்டினும் கூடி, அடிப்போனெக்டின் குறைந்திருப்பதை அளந்து, மெத்தோட்ரெக்சேட், நிலக்கரித் தார் சிகிச்சைகளால் அவை எப்படி மாறுகின்றன என்றும் பார்த்தது.

மெலிந்த தோற்றமுடைய தமிழருக்கு இந்தக் கொழுப்புக் கணக்கு எப்படிப் பொருந்தும்? புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் 2004இல் லான்செட் இதழில் தன் படத்தையும் லண்டன் நண்பர் ஜான் யுட்கினின் படத்தையும் அருகருகே வெளியிட்டார். இருவருக்கும் உடல்நிறைக் குறியீடு 22.3. யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குடையது 21.2. இத்தகைய வேறுபாட்டால்தான் இந்திய மருத்துவர்களின் 2009ஆம் ஆண்டு ஒருமித்த பரிந்துரை, பருமனுக்கான குறியீட்டு எல்லையை 25ஆக இறக்கியது. இடுப்பளவு எல்லையும் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்றானது.

தங்கவயலுக்கு இந்த இடுப்பளவு வெறும் பாடநூல் செய்தியாக முடியாது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்களின் தலைமுறைகள் இங்கே பூமிக்கு அடியில் 3 கிலோமீட்டர் ஆழம் வரை, பாறையின் சூட்டில் உடலை வருத்தி வேலை செய்தன. அந்தத் தொழிலாளியின் நெஞ்சைச் சிலிக்கா தின்றது. இடுப்பில் சதை சேர இடமில்லை. 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. சுரங்கத்தின் பெரிய மருத்துவமனையும் பழைய நிலையை இழந்தது. பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலில் ஏறி 100 கிலோமீட்டர் போய் பெங்களூரில் காவல் வேலையோ கடை வேலையோ கணினி வேலையோ பார்த்துவிட்டு இருட்டியபின் திரும்புகிறார்கள். உழைப்பு போய்விட்டது, சோறு அதே அளவில் இருக்கிறது. இந்த ஊரின் சோரியாசிஸ் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் சயனைடு மேட்டைப் பற்றி மட்டும் கேட்டு அனுப்பிவிட்டால் பாதி நோயைப் பார்க்காமலே விட்டவராவார்.

புதிய மருந்துகள் தொலைவில் இல்லை. பெங்களூரின் பயோகான் 2013இல் சோரியாசிஸுக்கென்றே இட்டோலிசுமாப் ஊசியைக் கொண்டுவந்தது. ஆனால் அத்தகைய ஊசிகளின் விலை சுரங்கக் குடும்பத்தின் கைக்கு எட்டுவதில்லை. எட்டுகிற வழிக்கும் சான்று உண்டு. 2008இல் இத்தாலியில் ஜிசோன்டி குழு, குறைந்த அளவு சைக்ளோஸ்போரின் மருந்து எடுத்த பருமனான நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கலோரி குறைத்த உணவும் கொடுத்தது. 24 வாரத்தில் அவர்களின் எடை 7 சதவீதம் குறைந்தது. அவர்களில் 67 சதவீதம் பேருக்கு நோய் முக்கால் பங்கு அடங்கியது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 29 சதவீதம் பேருக்கே அப்படி ஆயிற்று.

அடிப்போனெக்டினை அளக்கும் ஆய்வுக்கூடம் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் தேவையில்லை. தையற்கடை டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் சுற்றி அளக்க வேண்டும். கூடவே ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு, எச்.டி.எல். கொழுப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். எல்லை கடந்த இடுப்புள்ளவருக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதுமுன் கல்லீரலில் கொழுப்பு உண்டா என்று பார்த்துவிட வேண்டும். மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான் என்பதைச் சீட்டில் எழுதுவதோடு நிற்காமல், அந்தக் கிழமையை வீட்டாரிடமும் வாய்விட்டுச் சொல்லி அனுப்ப வேண்டும்.