திண்டுக்கல் வட்டாரமும் கிறித்தவச் செவ்வியல் கல்வியும்

அறிமுகம்

இலக்கணம், தருக்கம், சொற்கலை என்னும் மூன்றும், எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் என்னும் நான்கும் இடைக்கால ஐரோப்பாவில் 'ஏழு கலைகள்' எனப்பட்டன. இவற்றோடு இலத்தீன், கிரேக்கம் ஆகிய பழைய மொழிகளையும் சேர்த்துக் கற்பிக்கும் பாடமுறையே செவ்வியல் கல்வி. அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் கிறித்தவக் குடும்பங்கள் பல இன்று இந்த முறையைத் தேர்ந்தெடுக்கின்றன. உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இணையத்தில் நேரலையாகவே பாடம் நடக்கிறது.

இது புதிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் கிறித்தவச் செவ்வியல் கல்வி, வீட்டுக் கல்வி ஆகிய இரண்டுக்கும் தமிழ் மண்ணில் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான பகுதி யாழ்ப்பாணத்தில் தொடங்கி, மதுரை, திண்டுக்கல், கொடைக்கானல் வழியாகச் செல்கிறது. யாருக்கு எந்தக் கல்வி, எந்த மொழியில் என்ற கேள்வி அதில் தொடர்ந்து எழுந்தது.

முன்பிருந்த கல்வி

அமெரிக்க மிஷனரிகள் வருவதற்கு முன்பே இங்கே கல்வி இருந்தது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு, எண்சுவடி, குழிமாற்று ஆகியவற்றை மாணவர்கள் மனப்பாடம் செய்தனர். மேற்கொண்டு படிக்க விரும்பியவர்கள் புலவரிடம் நன்னூல் கேட்டனர். இலக்கணத்தை முதலில் வைத்து அதன்மேல் மற்ற அறிவைக் கட்டும் இந்த ஒழுங்கு, ஐரோப்பியச் செவ்வியல் கல்வியின் ஒழுங்கோடு பெரிதும் ஒத்திருந்தது. எனினும் இந்தப் பள்ளிகளின் வாசல் எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்கவில்லை. பெண்கள் மிகச் சிலரே அங்கே படித்தனர்.

வட்டுக்கோட்டை செமினரி

அமெரிக்க மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்வி நிலையத்தைத் திறந்தனர். இதைக் கல்லூரியாக நிறுவுவதே அவர்கள் திட்டம். அமெரிக்கர் நடத்தும் கல்லூரிக்குப் பிரித்தானிய அரசு இசைவு தராததால் 'செமினரி' என்ற பெயரிலேயே அது இயங்கியது. முதல் தலைவர் டேனியல் பூர்.

தமிழ் இலக்கண இலக்கியம், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், தருக்கம், வானியல் ஆகியவற்றோடு தேர்ந்த மாணவர்களுக்கு எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றையும் கற்பிப்பது மூலத்திட்டத்தில் இடம்பெற்றிருந்தது. அக்காலத்து யேல் கல்லூரியில் சேரும் மாணவர் இலத்தீனும் கிரேக்கமும் தெரிந்திருக்க வேண்டும். செய்திகளைத் தெரிந்துகொள்வதைவிட மனத்தைப் பயிற்றுவதே கல்வியின் முதல் வேலை என்று 1828ஆம் ஆண்டின் யேல் அறிக்கை வாதிட்டது. அதே நம்பிக்கைதான் வட்டுக்கோட்டையிலும் செயல்பட்டது. வேறுபாடு ஒன்று உண்டு. இங்கே பழைய மொழிகளின் வரிசையில் தமிழும் இடம்பெற்றது.

வானியல் பாடம் கிறித்தவத்தின் மேன்மையைக் காட்டும் கருவியாகவும் பயன்பட்டது. பஞ்சாங்கக் கணிப்பில் பிழை காட்டினால் அதன்மேல் நிற்கும் நம்பிக்கையும் தளரும் என்று மிஷனரிகள் எதிர்பார்த்தனர். ஆனால் பூருக்குப் பின் தலைவராக இருந்த ஹென்றி ஹொய்சிங்டன் இந்திய வானநூல் முறையையே ஊன்றிப் படித்து, அதை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கக் குறிப்புகளோடும் 1848இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். மறுக்க வந்தவர் மாணவராகிவிட்டார்.

இலங்கை அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1850இல் வெளிவந்த தம் நூலில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது இந்நிலையம் என்று பாராட்டினார்.

மதுரை, திண்டுக்கல், பசுமலை

யாழ்ப்பாண மிஷனின் கிளையாக 1834இல் மதுரை மிஷன் தொடங்கியது. மறு ஆண்டே திண்டுக்கல்லில் அதன் நிலையம் அமைந்தது. அப்போது திண்டுக்கல் மதுரை மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1985இல்தான். டேனியல் பூரே 1836இல் மதுரைக்கு வந்து, 1841இல் யாழ்ப்பாணம் திரும்பும்வரை இங்கே பள்ளிகள் பல தொடங்கினார்.

கல்வி மூன்று படிகளாக இருந்தது. கிராமங்களில் தொடக்கப் பள்ளி. திண்டுக்கல் போன்ற நிலையங்களில் உறைவிடப் பள்ளி. அங்கே தேறியவர்களுக்குச் செமினரி. 1842இல் வில்லியம் டிரேசியின் பொறுப்பில் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு மாறியது. திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர் சாலையில், குடகனாற்றுப் பக்கம் உள்ள வேடசந்தூர் போன்ற ஊர்களிலிருந்து ஒரு சிறுவன் இந்த ஏணியில் ஏற வேண்டுமானால், முதலில் வீட்டை விட்டுத் திண்டுக்கல், பிறகு பசுமலை என்று போக வேண்டியிருந்தது. உயர்கல்வி என்பதே ஊரை விட்டுப் போவதாக இருந்தது.

1855ஆம் ஆண்டின் முடிவு

அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1854–55இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரில் வந்து பணிகளை ஆராய்ந்தார். செமினரியில் ஆங்கிலம் படித்தவர்கள் அரசு வேலைக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்துக்குத் திரும்புவதில்லை, படிப்பவர்களில் பலர் கிறித்தவர்களாவதும் இல்லை. அவர் கண்ட குறைகள் இவை. கிராமத் திருச்சபைக்குத் தேவையான போதகர்களையும் ஆசிரியர்களையும் தாய்மொழியில் பயிற்றினால் போதும் என்று அவர் கருதினார்.

1855இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் டேனியல் பூர் காலராவால் இறந்தார். பசுமலையிலும் ஆங்கிலம் நீக்கப்பட்டு, பாடங்கள் சுருங்கின.

தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்ற ஆண்டர்சனின் கருத்தில் நியாயம் இருந்தது. ஆனால் தாய்மொழிக் கல்வி என்பது குறைந்த கல்வி என்று நடைமுறையில் ஆகிவிட்டது. தருக்கத்தையும் கணிதத்தையும் வானியலையும் தமிழிலேயே உயர்நிலைவரை கொண்டுபோகும் வழி இருந்தது. மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, அத்துறை நூல்களையும் தமிழாக்கிக் காட்டினார். கல்வித் திட்டம் அந்த வழியில் விரியவில்லை.

மூடப்பட்ட செமினரி எத்தகையவர்களை உருவாக்கியது என்பது இரண்டே ஆண்டுகளில் தெரிந்தது. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேரும் பதிப்பு முறையின் முன்னோடிகளில் ஒருவர் அவர்.

மிஷனரிக் குழந்தைகளின் வீட்டுக் கல்வி

இதே காலத்தில் மிஷனரிகளின் சொந்தக் குழந்தைகள் வேறு வழியில் படித்தனர். தொடக்கப் பாடங்களைப் பெரும்பாலும் தாய்மார்களே வீட்டில் கற்பித்தனர். அமெரிக்கக் கல்லூரியில் சேரப் பழைய மொழிகள் தேவைப்பட்டதால், பிள்ளைகள் சற்று வளர்ந்ததும் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். இந்தப் பிரிவு கொடியது. பிற்காலத்தில் பெரிய தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்ட மிரோன் வின்சுலோவின் மகன் சார்லஸ், யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பப்பட்டு 1832இல் நியூயார்க்கில் இறந்தான். அவனுக்கு வயது பதினொன்று.

மதுரை மிஷனரிகள் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சி 1845இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டினர். தங்கள் குழந்தைகளுக்கென 1901இல் அங்கே ஹைகிளர்க் பள்ளியை 13 மாணவர்களோடு தொடங்கினர். இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி அதுவே. 1906 முதல் அமெரிக்காவின் கால்வர்ட் பள்ளி, வீட்டிலேயே படிப்பதற்கான பாடத்தொகுப்பை அஞ்சலில் அனுப்பத் தொடங்கியது. வெளிநாடுகளில் வாழ்ந்த மிஷனரிக் குடும்பங்கள் பலவற்றுக்கும் அது உதவியது. இன்றைய இணைய வகுப்பின் மூதாதை அந்த அஞ்சல் பொட்டலம்தான்.

இரு வழிகளையும் அருகருகே வைத்தால் முரண்பாடு தெரிகிறது. தமிழ் மாணவனுக்கு ஆங்கிலமும் உயர்பாடமும் தேவையில்லை என்று முடிவெடுத்த சங்கம், தன் மிஷனரிகளின் பிள்ளைகள் கிரேக்கமும் இலத்தீனும் கற்பதை இயல்பாக ஏற்றுக்கொண்டது.

இரு வழிகளையும் ஒரு வாழ்க்கையில் இணைத்தவர் ஜான் ஸ்கட்டர் சாண்ட்லர். 1849இல் மதுரையில் பிறந்தவர். யேலில் பட்டம் பெற்றபின் திரும்பி வந்து, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் வத்தலகுண்டிலும் பணியாற்றினார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் தொடங்கியபோது அதன் முதல் பதிப்பாசிரியர் அவரே.

மீட்சியும் இன்றைய நிலையும்

1870இல் பசுமலைப் பொறுப்பை ஏற்ற ஜார்ஜ் வாஷ்பர்ன் காலத்தில் ஆங்கிலம் திரும்ப வந்தது. 1881இல் அங்கே கல்லூரி வகுப்புகள் தொடங்கின. அந்தக் கல்லூரி 1904இல் மதுரை நகருக்கு மாறி, அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. கத்தோலிக்கர் தரப்பில், இயேசு சபையினர் 1895இல் கொடைக்கானல் அருகே செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை நிறுவித் தம் துறவு மாணவர்களைப் பயிற்றினர். இலத்தீனின் இடம் அங்கே நெடுங்காலம் நீடித்தது.

மேலைநாட்டில் செவ்வியல் கல்வி இருபதாம் நூற்றாண்டில் தேய்ந்தது. 1947இல் எழுத்தாளர் டாரத்தி சேயர்ஸ் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரை, இலக்கணம், தருக்கம், சொற்கலை என்னும் மூன்றையும் குழந்தையின் வளர்ச்சிப் படிகளோடு பொருத்தியது. 1980களில் அமெரிக்கக் கிறித்தவப் பள்ளிகளும் வீட்டுக் கல்விக் குடும்பங்களும் அந்த உரையை வழிகாட்டியாக எடுத்துக்கொண்டன. இந்தியாவில் வீட்டில் படிக்கும் பிள்ளைகள், 1989இல் அமைந்த திறந்தநிலைப் பள்ளிக்கான தேசிய நிறுவனத்தின் வழியே தேர்வு எழுத முடிகிறது.

நியூயார்க்கில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் நேரலை வகுப்பு, குளிர்காலத்தில் வேடசந்தூரில் இரவு ஏழரை மணிக்குக் கேட்கும். ஊரை விட்டுப் போகாமலே உயர்பாடம் கற்க, தொலைவு இன்று தடையில்லை. கட்டணமும் மொழியும் இன்னும் தடைகளே.

முடிவுரை

வட்டுக்கோட்டையில் 1823 முதல் 1855 வரை நடந்த கல்வியின் சிறப்பு, தமிழையும் தருக்கத்தையும் வானியலையும் ஒரே மாணவனிடம் சேர்த்ததில் இருந்தது. பின்னர் தாய்மொழியும் உயர்கல்வியும் எதிரெதிரே நிறுத்தப்பட்டபோது, ஒன்றைப் பெற மற்றதை விட வேண்டியதாயிற்று. இணையத்தின் வழியே செவ்வியல் கல்வியைத் தேடும் இன்றைய தமிழ்க் குடும்பங்களும், அப்படி ஒரு வகுப்பைத் தமிழில் தொடங்க நினைப்பவர்களும், அந்த 32 ஆண்டுகளின் பாடத்திட்டத்தை எடுத்துப் பார்ப்பது பயன்தரும். நன்னூலும் வடிவகணிதமும் அங்கே ஒரே கூரையின்கீழ் படிக்கப்பட்டன.